79 மீட்டர் உயரத் தீவு: ஃபுளோரா டஃபியின் பெர்முடாவில்

வியாழன் இரவு, ஹாமில்டன்

நியூயார்க்கில் மதியம் ஏறிய விமானம் இரண்டு மணி நேரம் வெறும் கடலையே காட்டிவிட்டு, இனி நிலமே வராது என்று தோன்றிய நேரத்தில் பெர்முடாவில் இறங்கியது. அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் நடுவே தூண்டில் முள் வடிவத்தில் வளைந்து கிடக்கும் பிரித்தானியக் கடல்கடந்த ஆட்சிப்பகுதி இது. பரப்பளவு 53 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 64,000 அளவில். இங்கே வருபவர்களில் பெரும்பாலோர் இளஞ்சிவப்பு மணலுக்காக வருகிறார்கள். நான் வந்தது ஃபுளோரா டஃபி என்ற பெண்மணி வளர்ந்த ஊரைப் பார்ப்பதற்காக.

ஒலிம்பிக்கைப் பின்தொடர்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் ட்ரையத்லானில் பெண்கள் தங்கம் வென்றவர் அவர். கோடைக்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் மக்கள்தொகையில் மிகச் சிறியது என்ற பெயரைப் பெர்முடாவுக்கு வாங்கிக் கொடுத்ததும் அந்த வெற்றிதான். ஆனால் எனக்கு அவர் அறிமுகமானது அதற்கு முன்பே, எக்ஸ்டெர்ரா எனப்படும் காட்டுப்பாதை ட்ரையத்லான் வழியாக. ஒன்றரை கிலோமீட்டர் திறந்த நீரில் நீச்சல், 30 கிலோமீட்டர் அளவுக்கு மலைப்பாதையில் மவுண்டன் பைக், பிறகு 10 கிலோமீட்டர் அளவுக்குக் கல்லும் வேரும் சேறும் நிறைந்த தடத்தில் ஓட்டம் என்பதே அந்தப் பந்தயம். அதன் உலகப் பட்டத்தை 2014, 2015, 2016, 2017, 2019, 2021 என ஆறு முறை வென்றவர் டஃபி.

வியப்பு என்னவென்றால், பெர்முடாவில் மலையே கிடையாது. ஸ்மித்ஸ் வட்டாரத்தில் இருக்கும் டவுன் ஹில் என்ற மேடுதான் தீவின் உச்சி. அதன் உயரம் 79 மீட்டர். நம் ஊர்களில் கோயில் கட்டியிருக்கும் பல குன்றுகள் இதைவிட உயரம். இப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவர் எப்படி மலைப்பாதைப் பந்தயத்தின் ராணியானார் என்பதும், வென்ற பிறகு ஊருக்கு என்ன செய்தார் என்பதும் இந்தப் பயணம் முழுவதும் நான் கேட்டுக்கொண்டே இருக்கப்போகிற கேள்விகள்.

சுற்றுலாப் பயணிகளுக்கு இங்கே வழக்கமான கார் வாடகைக்குக் கிடைக்காது. ஸ்கூட்டர், சிறிய மின்வண்டி, பேருந்து, படகு, இவற்றை விட்டால் நடைதான். வேக வரம்பு மணிக்கு 35 கிலோமீட்டர். பேருந்து நிறுத்தத்தில் நட்டிருக்கும் கம்பம் இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கே நிற்கும் வண்டி ஹாமில்டன் நோக்கிப் போகும். நீலமாக இருந்தால் ஹாமில்டனை விட்டு விலகிப் போகும். இதை விடுதி அம்மையார் சொல்லித் தந்தார். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்: ஓட்டுநரிடம் எதைக் கேட்பதானாலும் முதலில் "குட் மார்னிங்" சொல்ல வேண்டும், சொல்லாமல் கேள்வி கேட்பவரை இந்தத் தீவில் மரியாதை தெரியாதவர் என்றே எண்ணுவார்களாம்.

வெள்ளி, வாரிக் வட்டாரம்

காலையில் நீலக் கம்பத்தடியில் நின்று, சொல்லித் தந்தபடியே வணக்கம் சொல்லி ஏறி, மிடில் ரோடு வழியாக வாரிக் அகாடமி வரை போனேன். 1662ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பள்ளி அது. டஃபி இளமையில் படித்த இடம். பள்ளி நாள் என்பதால் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. 1987இல் பிறந்த டஃபி, இந்தப் பள்ளியில் படித்த காலத்திலேயே டிரை-ஹெட்ஸ் என்ற சிறுவர் ட்ரையத்லான் மன்றத்தில் சேர்ந்து பயிற்சி பெற்றார். பிறகு இங்கிலாந்தின் டாவிஸ்டாக்கிலிருந்த கெல்லி கல்லூரிக்குப் போனார். 64,000 பேர் வாழும் தீவில் ட்ரையத்லானுக்கென்று சிறுவர் மன்றம் ஒன்று இருந்தது என்பதே சாதாரண விஷயம் இல்லை.

பள்ளியிலிருந்து இறங்கி ரயில்வே டிரெய்ல் என்ற தடத்தில் நடந்தேன். 1931 முதல் 1948 வரை இந்தத் தீவில் ரயில் ஓடியிருக்கிறது. நட்டம் தாங்காமல் மூடிவிட்டு, வண்டிகளையும் தண்டவாளங்களையும் பிரித்தானிய கயானாவுக்கு விற்றுவிட்டார்கள். தண்டவாளம் போன வழி மட்டும் நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மிஞ்சியது. சுண்ணாம்புப் பாறையை வெட்டி எடுத்த இடங்களில் இருபக்கமும் சுவர் எழும்பி நிற்கிறது. அந்தச் சுவரில் பெரணி முளைத்திருக்கிறது. வெயில் உச்சிக்கு வந்தாலும் தடத்தில் ஈரம் காய்வதில்லை. ஒரு பக்கம் திறந்தால் வீடுகள். ஒவ்வொரு வீட்டின் கூரையும் படிப்படியாக வெட்டிய சுண்ணாம்புக்கல்லால் ஆனது, மேலே வெள்ளை பூசியது. தீவில் ஆறோ ஏரிநீரோ இல்லாததால் கூரையில் விழும் மழையை வீட்டுக்கடியில் இருக்கும் தொட்டியில் சேர்த்துத்தான் குடிக்கிறார்கள்.

கார் வராத இப்படியொரு வழி இருப்பது எவ்வளவு பெரிய வரம் என்பது, அதிலிருந்து வெளியேறி சவுத் ரோட்டில் கால் வைத்தபோதுதான் புரிந்தது. பெர்முடாவின் சாலைகள் குறுகலானவை. ஓரத்தில் நடைபாதை இருக்காது. கற்சுவர் இருக்கும், அதன்மேல் அரளியும் செம்பருத்தியும் கவிந்திருக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. சைக்கிளில் போகும் பிள்ளை இங்கே பிரேக்கையும் உடல் எடையையும் சரியாகக் கையாளக் கற்றுக்கொள்ளாமல் இருக்க முடியாது. மலை இல்லாத ஊர் கொடுத்த பயிற்சியில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்; நிரூபிக்க என்னிடம் சான்று எதுவும் இல்லை, இரண்டு மணி நேரம் அந்தச் சாலையில் ஒதுங்கி ஒதுங்கி நடந்த அனுபவம் மட்டுமே உண்டு.

சனி, டெவன்ஷயர் வட்டாரம்

இன்று தேசிய விளையாட்டு மையம். அதன் ஓட்டக்களத்துக்கு இப்போது ஃபுளோரா டஃபி ஸ்டேடியம் என்று பெயர். 2012 ஏப்ரலில் கரீபியன் இளையோர் தடகளப் போட்டியான கரிஃப்டா இங்கேதான் நடந்தது. உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை அரங்கத்துக்கு வைப்பதில் எனக்குப் பொதுவாக உடன்பாடில்லை. இங்கே மட்டும் உறுத்தவில்லை, காரணம் அரங்கத்தைச் சுற்றி நான் பார்த்த கூட்டம்.

பக்கத்துத் திடலில் சிறுவர்கள் சிலர் ட்ரையத்லான் பயிற்சியில் இருந்தார்கள். எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரை இருக்கும். அன்றைய பாடம் நீச்சலோ ஓட்டமோ இல்லை, மாற்றிடம். அதாவது, ஒன்றை முடித்து மற்றொன்றைத் தொடங்கும் அந்த அரை நிமிடம். தரையில் வரிசையாகத் துண்டுகள் விரித்து, ஒவ்வொன்றின் மீதும் ஹெல்மெட்டைத் தலைகீழாக வைத்து, அதற்குள் எண் பட்டையைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். காலணிகளில் சாதாரணக் கயிற்றுக்குப் பதில் ரப்பர் கயிறு. முடிச்சுப் போடும் வேலை இல்லை. ஒரு சிறுமி ஈரக்காலைக் காலணிக்குள் திணிக்க முடியாமல் இரண்டு முறை தடுமாறினாள். பயிற்சியாளர் அவளருகே குந்தி உட்கார்ந்து, சிறிய டப்பாவிலிருந்த டால்கம் பவுடரைக் காலணிக்குள் தூவிவிட்டு, "இப்போது பாருங்கள்" என்றார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அடுத்த முறை அவளே டப்பாவை எடுத்துக்கொண்டாள். ஹெல்மெட்டின் கொக்கியை மாட்டும் முன் சைக்கிளைத் தொட்ட பையன் ஒருவனைப் பயிற்சியாளர் ஆரம்பத்துக்கே திருப்பி அனுப்பினார். பந்தயமானால் தண்டனை என்று சொல்லி.

பயிற்சியாளர்களில் சம்பளம் வாங்குபவர் யார், சும்மா வந்தவர் யார் என்று கேட்டேன். சிரித்துவிட்டார்கள். கூம்பு அடுக்கியவர் வங்கி ஊழியர், நேரம் குறித்தவர் செவிலியர், தண்ணீர் கொடுத்தவர் ஒரு பையனின் தாத்தா. சர்வதேசக் காப்பீட்டு நிறுவனங்களால் பணம் புரளும் தீவு என்றாலும், சனிக்கிழமை காலையில் ஆறரை மணிக்குத் திடலுக்கு வந்து நிற்பவர்களைப் பணம் கொடுத்துச் சேர்க்க முடியாது. டஃபி வளர்ந்ததும் இப்படிப்பட்ட பெரியவர்களின் காலை நேரங்களில்தான். டோக்கியோ வெற்றிக்குப் பிறகு அவரைப்பற்றி வந்த செய்திகளில் சிறுவயதுப் பயிற்சியாளரின் பெயரும் அந்த மன்றத்தின் பெயரும் தவறாமல் இடம்பெற்றதற்குக் காரணம் அதுவே.

டஃபி இப்போது திருப்பிச் செய்வது என்ன? அவர் தொடங்கிய 'ஃபுளோரா ஃபண்ட்' என்ற அறக்கட்டளை பெர்முடாவின் இளம் விளையாட்டு வீரர்களுக்கு நிதியுதவி செய்கிறது. ட்ரையத்லானுக்கு மட்டும் என்று அதை ஒதுக்கிவைக்கவில்லை. எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது, உதவி போய்ச் சேரும் இடம். உலகப் பட்டம் வென்ற பிறகு பெயரோடு ஒட்டிக்கொள்ள விளம்பர நிறுவனங்கள் தாமாகவே வரும். பதினைந்து வயதில், வெல்வோமா என்று தனக்கே தெரியாத காலத்தில்தான் யாரும் வரமாட்டார்கள். அந்த இடைவெளியில் கை கொடுப்பது அதைக் கடந்து வந்தவருக்கே தோன்றும் யோசனை.

ஞாயிறு, ஹாமில்டன்

டஃபியின் கதையை ஊரார் சொல்லும் விதத்தில் ஒரு நேர்மை இருக்கிறது, தோல்வியை மறைப்பதில்லை. காலை உணவு மேசையில் விடுதி அம்மையார் பெய்ஜிங்கிலிருந்தே தொடங்கினார். 2008 ஒலிம்பிக்கில் இருபது வயதில் கலந்துகொண்ட டஃபி பந்தயத்தை முடிக்கவில்லை. அதன்பின் விளையாட்டையே விட்டு விலகினார். உணவுக் கோளாறும் மனச்சோர்வும் தன்னை வாட்டியதாகப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில் படிக்கப் போன இடத்தில், பதக்க எண்ணம் இல்லாமல், மெல்ல மெல்ல ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் திரும்பினார். 2012 லண்டனில் சைக்கிளிலிருந்து விழுந்து எழுந்து 45ஆவதாக முடித்தார். 2016 ரியோவில் எட்டாவது இடம்.

பட்டியலாகப் பார்த்தால் படிப்படியாக ஏறியதுபோல் தோன்றும். லண்டனுக்கும் ரியோவுக்கும் இடையில்தான் காட்டுப்பாதைப் பந்தயம் வருகிறது. அதை நாளை எழுதுகிறேன்.

மதியம் ஃபிரண்ட் ஸ்ட்ரீட்டில் நடந்தேன். ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்புமாய் வண்ணம் பூசிய கடைகள். 2018 ஏப்ரலில் உலக ட்ரையத்லான் தொடரின் பந்தயம் முதல்முறையாக இங்கே நடந்தபோது, துறைமுகத் தண்ணீரில் நீந்தி, நகரின் கிழக்கே இருக்கும் கார்க்ஸ்க்ரூ ஹில் என்ற ஏற்றத்தைச் சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கி, இதே தெருவில் ஓடி முடிக்கும்படி பாதையை அமைத்தார்கள். டஃபி வென்றார். 2022 நவம்பரில் பந்தயம் திரும்பி வந்தபோதும் அவரே வென்று, அதே மாதம் அபுதாபி இறுதிப்போட்டியையும் வென்று, சாலை ட்ரையத்லானில் நான்காவது உலகப் பட்டத்தை எடுத்தார். ஏற்றத்தை நானும் ஏறிப் பார்த்தேன். நீளம் குறைவு, செங்குத்து அதிகம். முறுக்கிக்கொண்டு போகும் அந்த வளைவில் இறங்கும்போதுதான் பயம். நடந்தே இறங்கியும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

டோக்கியோ பந்தயம் அங்கே 2021 ஜூலை 27 காலை ஆறரை மணிக்கு நடப்பதாக இருந்தது. இங்கே அது ஜூலை 26 மாலை ஆறரை மணி. சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம் என்பதால் ஊரே வேலை முடிந்து வந்து தொலைக்காட்சி முன் உட்கார வாய்ப்பாக அமைந்துவிட்டது. மழையால் தொடக்கம் பதினைந்து நிமிடம் தள்ளிப்போனது. இரண்டு மணி நேரம் கழித்து, 1:55:36 என்ற நேரத்தில், இரண்டாவதாக வந்த பிரிட்டனின் ஜார்ஜியா டெய்லர்-பிரவுனைவிட 74 வினாடி முன்னதாக டஃபி கோட்டைத் தொட்டார். பெர்முடா அந்த ஒலிம்பிக்குக்கு அனுப்பியதே இரண்டு பேரைத்தான். அதற்கு முன் தீவு பெற்றிருந்த ஒரே ஒலிம்பிக் பதக்கம், 1976 மான்ட்ரியாலில் குத்துச்சண்டை வீரர் கிளாரன்ஸ் ஹில் வென்ற வெண்கலம். அக்டோபர் 18ஆம் தேதியை ஃபுளோரா டஃபி நாள் என்று அறிவித்து அரசு பொது விடுமுறை விட்டது. "விடுமுறையைவிட அந்த மாலைதான் நினைவிருக்கிறது. தெருவில் ஸ்கூட்டர் ஹாரன் ஓயவே இல்லை" என்றார் அம்மையார்.

திங்கள், சவுத் ஷோர்

வாரிக் லாங் பே கடற்கரையிலிருந்து ஹார்ஸ்ஷூ பே வரை மணல்மேடுகளுக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதைகள் ஓடுகின்றன. குதிரைகள் போன தடமும் ஓட்டக்காரர்களின் காலடியும் கலந்து கிடந்தன. மலைப்பாதை என்று சொல்ல இந்தத் தீவில் கிடைப்பது இவ்வளவே. வாடகைக்கு எடுத்த சைக்கிளை நான் முதல் மேட்டிலேயே தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பாதையில் சுண்ணாம்புப் பாறை பல்லைக் காட்டும் இடங்களுக்கிடையே மணல் கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கிறது. கடலோரப் பாறைப் பொந்துகளில் லாங்டெயில் என்று இவர்கள் அழைக்கும் நீள்வால் வெண்பறவைகள் கூடு தேடித் திரிந்தன.

எக்ஸ்டெர்ரா பிறந்தது இதைப்போன்ற இன்னொரு தீவில், ஹவாயின் மாவியில். 1996இல் வைலேயாவில் 'அக்வாடெர்ரா' என்ற பெயரில் நடந்த பந்தயம், பின்பு பெயர் மாறி உலகத் தொடராகி, 2011 முதல் கபாலுவாவுக்கு இடம் மாறியது. டி. டி. ஃபிளெமிங் கடற்கரையில் அலையை உடைத்துக்கொண்டு நீந்தி, மேற்கு மாவி மலைச்சரிவில் சைக்கிளோடு ஏறி, மழை பெய்தால் சக்கரமே சுழலாத அளவுக்குச் சேற்றில் உழல வேண்டும். டஃபியின் ஆறு பட்டங்களும் கபாலுவாவில் வென்றவையே. அவருக்கு முன் 2011, 2012ஆம் ஆண்டுகளில் வென்று, 2018இல் மறுபடியும் வென்ற ஸ்காட்லாந்தின் லெஸ்லி பேட்டர்சன் போன்றவர்களோடு மோதித்தான் இவர் மேலே வந்தார். 2022இல் உலகப்போட்டி இத்தாலியின் மொல்வேனோ ஏரிக்கரைக்குப் போய்விட்டது.

சாலைப் பந்தயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒலிம்பிக் ட்ரையத்லானின் சைக்கிள் பகுதியில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகலாம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் வருகிறவர் சக்தியை மிச்சப்படுத்துவார். எனவே பெரும்பாலும் எல்லோரும் கூட்டமாகச் சேர்ந்து வந்து, கடைசி ஓட்டத்தில்தான் முடிவு தெரியும். ஓட்டத்தில் மிக வேகமானவருக்குச் சாதகமான அமைப்பு அது. காட்டுப்பாதையில் ஒட்டிப் போவதால் பெரிய லாபம் இல்லை. வழி ஒற்றையடி, வேகம் குறைவு, கல்லையும் வேரையும் ஒவ்வொருவரும் தாமே சமாளிக்க வேண்டும். அங்கே வெல்கிறவர் தனியாக நீண்ட நேரம் உழைக்கவும், வழுக்கும் வளைவில் பதறாமல் இருக்கவும் பழகிவிடுகிறார். டஃபி அந்தப் பழக்கத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தார். நீச்சலில் முன்னணியில் வெளியே வந்து, கூட்டம் சேருமுன் சைக்கிளில் பிரிந்துபோய், ஓட்டக்காரர்களுக்கு எட்டாத தூரத்தை ஏற்படுத்துவது அவருடைய முறை. 2016, 2017ஆம் ஆண்டுகளில் சாலை உலகப் பட்டத்தையும் எக்ஸ்டெர்ரா உலகப் பட்டத்தையும் ஒரே ஆண்டில் சேர்த்தே வென்றார். டோக்கியோவின் நனைந்த சாலையில் பலர் தடுமாறியபோது அவர் சிறு குழுவோடு முன்னே போனதும் அதே கைப்பழக்கத்தின் பலன்தான்.

2021இல் ஜூலையில் ஒலிம்பிக் தங்கம், ஆகஸ்டில் சாலை உலகப் பட்டம், டிசம்பரில் மறுபடி மாவியின் சேறு. தங்கம் வென்றவர் காட்டுப்பாதைக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. அதில் பணமும் புகழும் ஒலிம்பிக்கோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. அவருடைய கணவர் டான் ஹியூகோவும் தென்னாப்பிரிக்காவின் முன்னாள் காட்டுப்பாதை ட்ரையத்லான் வீரர் என்பதை எண்ணிப் பார்த்தால், வீட்டுப் பேச்சே மவுண்டன் பைக்காக இருந்திருக்கும் என்று சிரித்துக்கொண்டேன். எனக்கு அவருடைய வெற்றிகளிலேயே மிகவும் பிடித்தது அந்த டிசம்பர் வெற்றிதான். தன்னைத் தூக்கி நிறுத்திய விளையாட்டுக்கு அவர் கொடுத்த மரியாதையாக அதைப் பார்க்கிறேன்.

செவ்வாய், விமான நிலையம்

திரும்பும் விமானத்துக்காகக் காத்திருந்த வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தாயும் பதினான்கு வயது இருக்கக்கூடிய மகனும் நின்றார்கள். அவர்களோடு ஒரு பெரிய கருப்புப் பெட்டி. அது என்ன என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது: சக்கரங்களையும் கைப்பிடியையும் கழற்றி சைக்கிளை அடுக்கும் பெட்டி. வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். ஃபுளோரிடாவில் ஓர் இளையோர் பந்தயத்துக்குப் போகிறார்களாம். எடை பார்க்கும் மேடையில் பெட்டி வரம்பைத் தாண்டிவிடவே, தாய் அதைத் திறந்து, பெடல்களையும் ஒரு கருவிப் பையையும் வெளியே எடுத்து மகனின் முதுகுப்பையில் போட்டார். அதிகாரி கருவிகளை விமானத்துக்குள் விடமாட்டார்கள் என்றதும் மறுபடி எடுத்து, பெடல்களை மட்டும் பையில் விட்டுவிட்டு, கருவிகளைத் துணிப்பெட்டிக்குள் திணித்தார். பழகிய கை. பையன் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தான்.

பெருநாட்டில் வளரும் பிள்ளை பந்தயத்துக்குக் காரிலோ பேருந்திலோ போய்விடலாம். பெர்முடாவில் உள்ளூர்ப் போட்டி தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் கடலைக் கடக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு கட்டணம், கூடப் போகும் பெரியவருக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, தங்குமிடம் தனி. இரண்டு ஆண்டு இப்படிப் போனால் நடுத்தரக் குடும்பம் ஒன்று நிறுத்திக்கொள்வதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடும். டஃபி அறக்கட்டளையைத் தொடங்கியபோது இந்தக் கணக்கு அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

2023இல் முழங்கால் காயத்தால் பெரும்பகுதி விலகியிருந்துவிட்டு, 2024 பாரிஸில் டஃபி ஐந்தாவதாக முடித்தார். அதே பாரிஸில் ஆண்கள் பந்தயத்தில் பெர்முடாவின் டைலர் ஸ்மித்தும் ஓடினார். இருவர் பெயரையும் சொன்னதும் பையன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து, ஸ்மித்தின் நீச்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். டஃபியைப் பற்றிக் கேட்டால், "அவர்கள் எங்கள் பயிற்சிக்கு ஒருமுறை வந்தார்கள், ஹெல்மெட் கொக்கியை ஒரு கையால் மாட்டுவது எப்படி என்று காட்டினார்கள்" என்று மட்டும் சொன்னான். நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகத் தாய் சொன்னார். அதற்குள் பெட்டி தள்ளுவண்டியில் ஏறிவிட்டது. கட்டணச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இருவரும் சோதனைச் சாவடி நோக்கி நடந்தார்கள்.